கடைசி நாலு பக்கம்

ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டவன் கதையை எவன் எழுதினாலும் எனக்கு முதலில் எரிச்சல் வருவது தண்ணீர் விஷயத்தில்தான். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மறுநாளே அவனுக்கு ஒரு சுனை அகப்பட்டுவிடும். சுனை இல்லையென்றால் தென்னை மரம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் நாக்கு வறண்டு விழப் போகிற நேரம் பார்த்து மழை பெய்யும். இதை எழுதினவன் வாழ்க்கையில் ஒருநாளாவது குழாயடியில் காலிக் குடத்தோடு நின்றிருப்பானா என்று கேட்கத் தோன்றும். துப்பறியும் கதை இன்னும் மோசம். யாரைப் பற்றி நல்ல விதமாக எழுதியிருக்கிறானோ அவன்தான் குற்றவாளி. நாற்பதாவது பக்கத்தில் நான் கண்டுபிடித்துவிடுவேன். மீதிப் பக்கத்தை எழுதினவன் கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா புரட்டுவேன்.

இப்போது இப்படி வாய் பேசுகிற நான்தான் பன்னிரண்டு வயதில் இந்தக் கதைகளுக்காக உயிரை விட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் எங்கள் கோயில் தெரு முனையில் சைக்கிள் வாடகைக்கு விடும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கடையின் பின்சுவரில் ஒரு அலமாரி. அதில் புத்தகங்களும் வாடகைக்கு இருந்தன. சைக்கிளைக் கொடுக்கும்போது டயரை அமுக்கிப் பார்ப்பதுபோல, புத்தகத்தைக் கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். அங்கே ஊதா மையில் கடை முத்திரை இருக்கும். கொடுக்கும்போதும் பார்ப்பார், வாங்கும்போதும் பார்ப்பார். "கத போனாப் போவுது, முத்திர இருக்கணும்" என்பார்.

நான் சொல்லப் போகிற புத்தகத்துக்கு முன்னட்டையும் முதல் தாளும் இல்லை. அதனால் தலைப்பும் தெரியாது, எழுதினவன் பேரும் தெரியாது. கப்பல் உடைந்து, சமையற்காரனோடு சேர்த்து மூன்று பேர் ஒரு மொட்டைப் பாறையில் ஏறிக்கொள்கிறார்கள். சுனை இல்லை, மரம் இல்லை, மழை இல்லை. கப்பலிலிருந்து உருண்டு வந்த ஒரு தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பீப்பாயில் கத்தியால் கீறி வைத்த அடையாளத்துக்கும் கீழே ஒவ்வொரு நாளும் தண்ணீர் இறங்குகிறது. மூன்று பேரில் எவனோ திருடுகிறான். எவன்? அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்திருக்கும்போது எனக்குப் பசி தெரியவில்லை. அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை. அதுவரை படித்த கதைகளையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். இந்தக் கதை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அதே வாரத்தில்தான் மாமா கடலில் காணாமல் போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் அத்தையும் எங்கள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதில் ஒரு கதவு. மாமா தோணியில் போகிறவர். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போவார்கள். ஆறு பேர். காற்று சரியாக இருந்தால் இரண்டு நாளில் அங்கே.

தோணி புறப்படும்போது எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தோணிப் பீப்பாய்க்குத் தண்ணீர், போகிறவர்களின் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுக்கு இரண்டு குடம். எங்கள் ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பு. முனிசிபாலிட்டிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அன்றைக்குப் பார்த்துக் குழாய் நூல் மாதிரி ஒழுகியது. அத்தையும் நானும் விடியற்காலையிலிருந்து நின்றோம். எங்கள் முறை வந்து ஒரு குடம் நிரம்பியதும் குழாய் நின்றுவிட்டது. ஒரு குடம்தான் போயிற்று.

"கொழும்புக்குத்தான போறாக. ரெண்டு நாளு. போதும்" என்றாள் அத்தை. என்னிடம் சொன்னாளா, குடத்திடம் சொன்னாளா தெரியவில்லை.

மாமா சிரித்தார். "மீதிக் கொடத்த வச்சிரு. வந்து குடிச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காற்று புரண்டது. இரண்டு நாள் எங்கள் ஓடுகள் பறந்தன. மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டதுபோல வெளுத்து, அதற்குப் பிறகு வெயில், வெயில், வெயில். முன்னும் பின்னும் போன தோணிகள் எங்கெங்கோ ஒதுங்கித் திரும்பி வந்தன. கொழும்பிலிருந்து வந்த தந்தியில் மாமாவின் தோணி வந்து சேரவில்லை என்று இருந்தது.

அம்மா தினமும் துறைமுகத்துக்கு ஓடினாள். ஆபீஸில் சண்டை போட்டாள். மாதா கோயிலில் முழங்காலில் நடந்தாள். அத்தை எங்கும் போகவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சமையல் செய்யும் குசினி வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பாள். மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள் என்பது எனக்குத் தெரியாது. வானத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

எனக்கு என் கவலை. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் அம்மா அடிக்க வந்தாள். "ஏளா, மாமன் கடல்ல கெடக்கான், ஒனக்குக் கத கேக்குதா? அடுப்புல போட்டுருவேன்!" அதனால் புத்தகத்தைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு சுவர்க் கதவு வழியாக அத்தை வீட்டுக்குப் போனேன். ஓரமாக உட்கார்ந்து வாயசைத்து வாசித்தேன்.

"என்ன புஸ்தகம்ளா?" என்றாள் அத்தை.

சொன்னேன். பாறை, மூன்று பேர், பீப்பாய், சிரட்டை.

வானத்திலிருந்து கண்ணை இறக்கிப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு, "சத்தமா வாசி" என்றாள்.

முதலிலிருந்து வாசித்தேன். மூன்று நாள் சாயங்காலம் வாசித்தேன். என் பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு ஆள் நான் வாசித்துக் கேட்டதில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிடும். பீப்பாய் வருகிற இடமெல்லாம், "திருப்பி வாசி" என்பாள். திருப்பி வாசிப்பேன். எனக்கு நெஞ்சு விரிந்துபோகும். நல்ல கதையின் அருமை தெரிந்த ஒருத்தி எங்கள் வீட்டில் அத்தைதான் என்று முடிவு செய்தேன்.

"சமையக்காரன்தான் கள்ளன் அத்த. பாருங்க, எல்லாருக்கும் அவன்தான் ஆறுதல் சொல்லுதான். நல்லவன் மாதிரி காட்டுனா அவன்தான் கள்ளன்."

"கள்ளன விடு. பீப்பாயில இன்னும் எம்புட்டு இருக்குன்னு போட்டிருக்கு?"

"பாதிக்குக் கீழ."

"ஆளு மூணுதான்?"

"மூணு."

உதட்டுக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள். கணக்கில் அவள் மட்டம் என்று அம்மா சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பயந்து புத்தகத்தை அத்தை வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால்தான் வைத்துவிட்டு வருவேன். நான்காம் நாள் கடைசி அத்தியாயம். எனக்கு ஒரு நேர்மை உண்டு. எந்தக் கதையிலும் முடிவை முன்கூட்டிப் பார்க்க மாட்டேன். வாசித்துக்கொண்டே போனேன். சமையற்காரன் பீப்பாயை நோக்கிக் கையை நீட்டினான் என்ற இடத்தில் பக்கத்தைத் திருப்பினால், அடுத்த பக்கம் இல்லை. தைத்த நூல்தான் இருந்தது. பின்னட்டை.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தியிருக்கலாம். கிழிந்துபோயிருக்கு அத்தை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே கேட்கிற ஆள். பின்னட்டையைப் பார்த்தபடியே நான் வாசித்தேன். கள்ளன் யாருமில்லை, மூன்று பேரும் நல்லவர்கள், ஒரு கடல் பறவை வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு வெள்ளைப் பாய் தெரிகிறது. கப்பல் வருகிறது. மூன்று பேரையும் உயிரோடு தூக்கிக்கொள்கிறது. நானே வியந்துபோகிற அளவுக்கு வார்த்தை வந்தது.

"எத்தன நாளு?" என்றாள் அத்தை.

"என்னது?"

"ஒரு சிரட்டத் தண்ணியில எத்தன நாளு இருந்தாங்களாம்?"

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் மனதில் வந்தது. "நாப்பது" என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நாப்பது" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குக் கோபத்தோடு போனேன். "கிழிஞ்ச புஸ்தகத்த எதுக்குக் குடுக்கீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏளா, ஒனக்குக் குடுக்கையில கடைசிப் பக்கத்துல முத்திரயப் பாத்துத்தான் குடுத்தேன். நாலு பக்கம் காணல. மொளச்சு மூணு எல விடல, எங்கிட்டயே வழக்குப் பேச வாரியா? பக்கத்தக் கொண்டா, இல்லாட்டி அலமாரிப் பக்கம் வராத."

அப்படியென்றால் குற்றம் நடந்தது கடைக்கு வெளியே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்கே எனக்கென்று ஒரு மர்மம். நான் சந்தேகப்பட்டவர்கள் பட்டியலில் முதலில் என் தம்பி. அவனுடைய பையைச் சோதித்தேன். இரண்டாவது எதிர்வீட்டு ஆடு. அது காகிதம் தின்னும். அதன் வாயைத் திறந்துகூடப் பார்த்தேன். அத்தையை நான் சந்தேகப்படவே இல்லை. பெரிய துப்பறிகிறவள்.

அத்தை வீட்டுக் குடத்தின் மூடிமேல் ஒரு சிரட்டை வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். உள்பக்கம் வழவழவென்று தேய்த்த சிரட்டை. காலையில் குடத்திலிருந்து ஒரு சிரட்டை மொண்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடிவைப்பாள். நாள் முழுக்க அதிலிருந்துதான் வாய் நனைப்பாள். சோறு நாலு கவளம் வெறுமனே தின்பாள். குழம்பில்லை, மோரில்லை, காப்பியில்லை. வெயிலில் உட்கார்ந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். குடம் நிறையத் தண்ணீர் இருக்கும், தொடமாட்டாள்.

அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயமில்லை, பிரமிப்பு. ஒரு கதை ஒரு ஆளை இப்படிப் பிடிக்குமா! நானும் அந்த விளையாட்டை ஒருநாள் விளையாடிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் தோற்று, குடத்தைச் சாய்த்து வாயில் ஊற்றிக்கொண்டேன். அத்தை தோற்கவில்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள். உதடு வெடித்தது. கண் உள்ளே போனது. நடக்கும்போது சுவரைப் பிடித்தாள்.

"என்னளா உடம்புக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மதினி. தூக்கமில்ல" என்றாள். அம்மா நம்பினாள். புருஷன் கடலில் கிடக்கிறவள் இளைக்காமல் கொழுக்கவா செய்வாள்.

ஒருநாள் காலை. நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சுவர்க் கதவைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. சிரித்தாள்.

"ஏளா, பத்து" என்றாள்.

"என்னது அத்த பத்து?"

"பத்து" என்றாள் மறுபடியும். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மாமா காணாமல் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா போய்ப் பத்து நாளா என்று கூட்டிப் பார்த்தேன். அது எப்போதோ தாண்டியிருந்தது. நாற்பதும் ஆகவில்லை. ஒன்றும் விளங்காமல் நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் குசினியில் விழுந்து கிடந்தாள்.

கம்பவுண்டர் வந்தார். கையைக் கிள்ளித் தோலைத் தூக்கிப் பார்த்தார். தோல் அப்படியே நின்றது. "தண்ணி குடிக்காமக் கெடந்திருக்கா. இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா சவப்பெட்டிக்குச் சொல்லணும்" என்றார். அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "வீடு நெறயத் தண்ணிய வச்சிக்கிட்டு எவளாவது இப்பிடிக் கெடப்பாளா? கிறுக்கு புடிச்சிட்டு இவளுக்கு!"

எனக்கு மட்டும் தெரியும். நான் சொன்ன நாற்பது. நான் பின்னட்டையில் வாசித்த நாற்பது. அதை நம்பித்தான் அத்தை சாகக் கிடக்கிறாள். அம்மா சர்க்கரையும் உப்பும் கரைக்க எழுந்து போனபோது அத்தையின் காதருகே போனேன்.

"அத்த, நாப்பது நாளு பொய். பக்கம் கிழிஞ்சிருந்திச்சு. நானாக் கட்டிச் சொன்னேன். மாதா சத்தியமா இனிமே செய்யமாட்டேன். தண்ணி குடிங்க அத்த."

அவள் கண்ணைத் திறந்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தெரியும்ளா. நீ நல்லா வாசிச்சே."

அம்மா கொண்டுவந்த தண்ணீரை மறுக்காமல் குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு கேட்டுக் குடித்தாள். பொய் என்று தெரிந்தால் எதற்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள்? எழுந்தவுடன் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலமே என் மர்மம் தீர்ந்துவிட்டது.

ஜெபப் புத்தகம் வேண்டும் என்றாள். எடுக்கப் போனேன். தகரப் பெட்டியில் சேலைக்கடியில் இருந்தது. எடுக்கும்போது நடுவிலிருந்து மடித்த காகிதம் விழுந்தது. விரித்தேன். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஊதா முத்திரை.

பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து வாசித்தேன். கள்ளன் யாருமில்லை. பீப்பாயில் ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவுதான். கப்பல் வந்தபோது பாறையில் மூன்று பேரும் செத்துக் கிடந்தார்கள். ஒரு சிரட்டைத் தண்ணீரில் மனிதன் ஒன்பது நாளுக்குமேல் தாங்கமாட்டான் என்று கப்பல் டாக்டர் சொல்கிறார். முற்றும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா? விரிசலா? என் கடல் பறவை இதைவிட எவ்வளவோ மேல். அதைவிட ஆத்திரம் அத்தைமேல். நான் பார்க்காத முடிவை எனக்கு முன்னால் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நில்லாமல் வாடகைப் புத்தகத்தைக் கிழித்திருக்கிறாள். அண்ணாச்சியிடம் நான் திட்டு வாங்கினேன், ஆட்டின் வாய்க்குள் கையை விட்டேன், இவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது என்று அச்சில் கிடந்ததையும், பத்து என்று வெடித்த உதட்டோடு அவள் சிரித்ததையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாமா வந்தது அதற்கு மூன்றாம் நாள். ராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்தார். கைலியும், யாரோ கொடுத்த போலீஸ் சட்டையும். தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மா அவரைக் கட்டிக்கொண்டு முதுகில் குத்தினாள். அத்தை எழுந்து குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் செம்பு.

நான் மாமாவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். உயிரோடு திரும்பிய ஒரு மனிதன். என் கதைகளிலிருந்து இறங்கி வந்தவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பாய்மரம் முறிஞ்சிது. சுக்கான் போயிட்டு. எட்டு நாளு கெடந்தோம். பெறகு இலங்கையில புத்தளத்துப் பக்கம் மணல்ல தட்டிச்சு. போலீஸ்காரன் கள்ளத்தோணின்னு ஆறு பேரையும் புடிச்சி உள்ள வச்சிட்டான். தந்தி அடிச்சிட்டேன், அடிச்சிட்டேன்னான். எங்கன அடிச்சான்? காலையில பாணு ரொட்டி, சாயங்காலம் தேத்தண்ணி. குத்தம் சொல்லக்கூடாது, நல்லா வச்சிருந்தான்."

அவ்வளவுதான். சுறா இல்லை. தீவு இல்லை. இதைவிட மோசமாக ஒரு கதையைச் சொல்லவே முடியாது என்று எனக்குத் தோன்றியது. எப்படியாவது அதைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். "மாமா, தண்ணிக்கு என்ன செஞ்சீங்க? ஆளுக்கு எம்புட்டுக் குடிச்சீங்க?"

மாமா சிரித்தார். "தண்ணிக்கு என்ன மருமவளே? எட்டு நாளும் அங்கன மழ விடவே இல்ல. பீப்பாய் பொங்கி வழிஞ்சிது. பாயில புடிச்சிக் குளிச்சோம்னாப் பாரேன். பசிதான் கொன்னுட்டு."

குசினி வாசலில் செம்பு கீழே வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை குடத்தின் மூடிமேல் இருந்த சிரட்டையை எடுத்தாள். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். பிறகு அடுப்பில் போட்டாள். சிரட்டை குப்பென்று பிடித்துக்கொண்டது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க அழுதாள். மாமா வந்த சந்தோஷம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"என்னக்கா, இவ இப்பிடி எலும்பாக் கெடக்கா?" என்று மாமா கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அம்மா மூடிக்கொண்டாள்.

"காச்சல்" என்றாள் அத்தை. "மீதிக் கொடம் இருக்கு. குடிக்கீங்களா?"

தான் சொல்லிவிட்டுப் போனது மாமாவுக்கு ஞாபகமே இல்லை. "எந்தக் கொடம்?" என்றார்.

அந்த நாலு பக்கத்தையும் சோற்றுப் பசை போட்டு ஒட்டினேன். அண்ணாச்சி முத்திரையைப் பார்த்தார், தடவினார், அலமாரியில் வைத்தார். "யாரு கிழிச்சா?" என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன். சொல்லமாட்டேன்" என்றேன் பெருமையாக. ஒரு மாதம் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புத்தகத்தைக் கிழிக்கிறவளுக்கு இனி எதையும் வாசித்துக் காட்டுவதில்லை என்று வைராக்கியம்.

கிழித்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதோடு என் வழக்கு முடிந்தது. ஏன் கிழித்தாள் என்று ஒரு கேள்வி மிச்சம் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.